குளுட்டன் ஆகாத பிள்ளை இருக்கிற வீட்ல கிறிஸ்மஸ் பலகாரம் எப்படி செய்யறது

எங்க சின்னவளுக்கு சீலியாக், அதாவது கோதுமையில இருக்கிற குளுட்டன் உடம்புக்கு ஆகாத நோய், இருக்குன்னு டாக்டர் சொன்னது ஒரு நவம்பர் கடைசில, அப்போ அவளுக்கு 6 வயசு. வீட்டுக்கு வந்து ஸ்டார் கட்டுற வேலைய பாக்குறதா, கிச்சன்ல எதை எதை எடுத்து வெளிய வைக்கிறதுன்னு பாக்குறதான்னு தெரியாம அப்படியே நின்னேன். இனிமே கேக் கிடையாது, பலகாரம் கிடையாது, எல்லாரும் சாப்பிடும்போது பிள்ளை வாயைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்னுதான் முதல்ல தோணுச்சு. இப்போ 5 கிறிஸ்மஸ் ஆயிடுச்சு. நான் பொறந்தது தூத்துக்குடி, வாக்கப்பட்டது நாகர்கோவில், ரெண்டு பக்கமும் பலகாரம் இல்லாம கிறிஸ்மஸ் கிடையாது, அதுல பாதிக்கு மேல அரிசி, பயறு, தேங்கா, முந்திரிதான், கோதுமையே கிடையாது. பிரச்சினை பலகாரத்துல கம்மி. அதை அரைக்கிற மில்லுல, சலிக்கிற சல்லடையில, பொரிக்கிற எண்ணெயிலதான் ஜாஸ்தி. இது புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, உங்களுக்கு அவ்ளோ நாள் ஆக வேண்டாம்னுதான் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. இன்னும் டெஸ்ட் எடுக்கலன்னா, சும்மா சந்தேகம்தான்னா, கோதுமைய இப்பவே நிறுத்திடாதீங்க. டிடிஜின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுப்பாங்க, அதுல பாசிட்டிவ்னு வந்துச்சுன்னா எண்டோஸ்கோப்பில சிறுகுடல்ல இருந்து துளியூண்டு எடுத்து பாப்பாங்க. சாப்பாட்ட முன்னாடியே மாத்திட்டா இந்த ரெண்டுமே நார்மல்னு வந்து ஏமாத்திடும். டெஸ்ட் முடிஞ்சு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் நிறுத்தினா போதும்.

வீட்ல பெரியவங்களுக்கு எப்படி சொல்லி புரிய வைக்கிறதுங்கிறதுதான் அடுத்த கஷ்டம். சப்பாத்தி மாவு இழுத்தா ரப்பர் மாதிரி வருதுல்ல, அந்த இழுவைதான் குளுட்டன், கோதுமை, பார்லி, ரை இந்த மூணு தானியத்துலயும் இருக்கு. சீலியாக் இருக்கிறவங்களுக்கு அது உள்ள போனா அவங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடல் உள்சுவரை தாக்கும், அங்க குட்டி குட்டி விரல் மாதிரி இருக்கிறது தேஞ்சு தட்டையாயிடும், அப்புறம் சாப்பிடற சத்து சரியா உடம்புல ஒட்டாது. எங்க பிள்ளைக்கு ரத்தசோகை போகாம இருந்ததும், எடை ஏறாம இருந்ததும் இதனாலதான். மாத்திரை கிடையாது, ஆயுசுக்கும் சாப்பாடுதான் மருந்து. எங்க மாமியார் "ஒரு துண்டு தானே மக்ளே, யேசப்பா பொறந்த நாளும் அதுவுமா ஒண்ணும் செய்யாது"ன்னு பாசத்துலதான் சொன்னாங்க. அவங்களுக்கு நான் சொன்னது இந்தக் கதைதான்: ரெண்டாம் உலகப்போர் சமயம், 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல பயங்கர பஞ்சம், பிரட்டே கிடைக்கல, அப்போ ஆஸ்பத்திரியில இந்த நோயோட கிடந்த பிள்ளைங்க தேறுனாங்க, பிரட் திரும்ப வந்ததும் மறுபடி படுத்துட்டாங்க, இதையெல்லாம் கவனிச்ச டிக்கேங்கிற குழந்தை டாக்டர்தான் கோதுமைதான் காரணம்னு நிரூபிச்சார். பஞ்சத்துல தேறுன பிள்ளைங்கன்னு கேட்டதும் மாமியார் ரொம்ப நேரம் பேசல. அடுத்த வருஷத்துல இருந்து அவளுக்கு மாவு இடிச்சு வைக்கிறதே அவங்கதான்.

இன்னொன்னு சொல்லி வைங்க: பொரிச்சாலும் அவிச்சாலும் குளுட்டன் போகாது. "அதான் எண்ணெயில வெந்துடுச்சே"ன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, கிருமி மாதிரி சாகறதுக்கு அது உயிர் கிடையாது.

டிசம்பர் முதல் வாரம்: சாமான்

கோதுமைங்கிற பேர்ல வராத கோதுமையைத்தான் முதல்ல பிடிக்கணும். மைதா, ரவை, சேமியா, சம்பா ரவை, பிரட், ரஸ்க் எல்லாம் ஒரே குடும்பம். "மைதா இல்லாதது"ன்னு சொன்னா குளுட்டன் இல்லாததுன்னு அர்த்தம் இல்ல. இத நான் அனுபவிச்சுதான் கத்துக்கிட்டேன். முதல் வருஷம் ஒரு பேக்கரில மைதா சேராத பிளம் கேக் இருக்கான்னு கேட்டேன், இருக்கு மேடம், உடம்புக்கு ரொம்ப நல்லதுன்னு கொடுத்தாங்க, பிள்ளை ஆசையா ரெண்டு துண்டு சாப்பிட்டா, ராத்திரி பூரா வாந்தி. மறுநாள் போய் கேட்டா அது கோதுமை மாவு கேக். அவங்க சொன்னதுல பொய் இல்ல, நான் கேட்ட கேள்விதான் தப்பு. "கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவுமே சேராம இருக்கா"ன்னு இப்படி நீட்டித்தான் கேக்கணும்.

பெருங்காயம். இத தனியா ஒரு பத்தியா எழுதுறேன், ஏன்னா யாருமே சொல்ல மாட்டாங்க. கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல நிறைய பிராண்டுல பாதிக்குப் பாதி மைதாவோ கோதுமை மாவோதான், பவுடர்லயும் உண்டு கட்டியிலயும் உண்டு. டப்பாவ திருப்பி பாருங்க, பொடி எழுத்துல இருக்கும். முறுக்கு அரிசி மாவு உளுந்து மாவுதான்னு நிம்மதியா பிள்ளைக்கு கொடுப்போம், அதுல ரெண்டு சிட்டிகை பெருங்காயம் இருக்கும். சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய் எல்லாத்துக்கும் இதே கதைதான். அரிசி மாவு சேத்த பெருங்காயம் இப்போ கிடைக்குது, தேடி ஒரு டப்பா வாங்கிட்டா வருஷம் ஓடிடும், கிடைக்கலன்னா போடாமலே செய்யுங்க, முறுக்குல ஓமம் போட்டா நல்லாத்தான் இருக்கு.

பேக்கிங் பவுடர்ல என்ன ஸ்டார்ச்னு பாருங்க, கார்ன் ஸ்டார்ச்னா ஓகே. சோயா சாஸ்ல பெரும்பாலும் கோதுமை. மால்ட்னு எழுதியிருந்தா அது பார்லி, அதனால ஹார்லிக்ஸ், பூஸ்ட் மாதிரி பானமும் சில கார்ன் ஃபிளேக்ஸும் ஆகாது. சத்துமாவுலயும் கோதுமை பார்லி வறுத்து சேப்பாங்க. நம்ம நாட்டு ஃபுட் சேஃப்டி சட்டப்படி கோதுமை, பார்லி எல்லாம் சேந்திருந்தா பாக்கெட்ல அலர்ஜி விவரமா போட்டே ஆகணும், குளுட்டன் ஃப்ரீன்னு போட்டா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளுட்டன் இருக்கக் கூடாது. அதனால முன்பக்கம் இருக்கிற படத்த விட்டுட்டு பின்பக்கத்த மட்டும் படிங்க. லூஸ்ல விக்கிற மாவு, லூஸ் முந்திரிப் பவுடர், லூஸ் கடலைமாவு வாங்காதீங்க, மூட்டைக்கு மூட்டை ஒரே கரண்டிதான் போகும்.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, பயறு வகை, ஜவ்வரிசி, மரவள்ளி, தேங்கா, முட்டை, இறைச்சி, மீன், பால், நெய், கருப்பட்டி எல்லாம் தாராளமா சேக்கலாம். இதுல இருந்து ஒரு கிறிஸ்மஸ் பண்ண முடியாதா என்ன!

மில்லுக்கு போறது

பச்சரிசிய ஊறப்போட்டு நிழல்ல உலர்த்தி மில்லுக்கு தூக்கிட்டு போவோம்ல, அங்கதான் பெரிய ஆபத்து. நமக்கு முன்னாடி நின்னவங்க கோதுமை அரைச்சிருந்தா மெஷின் தொட்டியில ஒட்டி இருக்கிறது பூரா நம்ம அரிசிலதான் விழும். ஈர அரிசிக்கு தனி மெஷின் வச்சிருக்கிற மில்லா பாருங்க, அதுலயும் வேற எதுவும் அரைக்க மாட்டாங்களான்னு கேட்டுக்கோங்க. எங்களுக்கு அப்படி அமையல, அதனால மாமியார் ஊறுன அரிசிய உரல்ல இடிச்சிடுவாங்க, நான் தூத்துக்குடி போனா மிக்ஸில போட்டு புதுசா வாங்குன சல்லடையில சலிச்சுக்குவேன். 2 கிலோ அரிசி, ஒரு சாயந்திரம் போயிடும், கை வலிக்கும், ஆனா மாவு விஷயத்துல மனசு கிடந்து அடிச்சுக்காது.

சல்லடை கண்டிப்பா புதுசு வாங்குங்க. பழைய சல்லடைக் கண்ணுல இருக்கிற மைதா எத்தனை தடவை கழுவினாலும் முழுசா போகாது. அதே மாதிரி மர முறுக்கு உழக்கு, சப்பாத்திக் கட்டை, மரக் கரண்டி, கோடு விழுந்த நான்ஸ்டிக் கேக் டின். எவர்சில்வர், பித்தளை எல்லாம் சோப்பு போட்டு நல்லா தேச்சு கழுவினா போதும். நான் ஒரு சிவப்பு மூடி போட்ட பெரிய டப்பாவுல அவளோட சல்லடை, அச்சு, கரண்டி, டின் எல்லாம் போட்டு பரண்ல வச்சிருக்கேன், டிசம்பர்ல மட்டும் இறங்கும்.

சுடுற அன்னிக்கு: அவளோடது முதல்ல

இது ஒண்ணுதான் எங்க வீட்டுச் சட்டம். புது எண்ணெய், கழுவுன சட்டி, துடைச்ச மேடை, முதல் ஈடு அவளுக்கு. ஆறவச்சு டப்பால போட்டு மூடி பேர் எழுதி அலமாரியில ஏத்துனதுக்கு அப்புறம்தான் மைதா பாக்கெட்டையே பிரிப்போம். நாங்க இப்போ மைதா பலகாரத்த ரொம்பவே குறைச்சுட்டோம், கலகலா மட்டும் என் வீட்டுக்காரருக்காக சுடுறது. அதையும் வேற நாள்ல சுடுங்க, ஏன்னா மைதா மாவு காத்துல பறந்து ரொம்ப நேரம் கழிச்சுதான் அடங்கும். கலகலாவ அரிசி மாவுல செய்ய ரெண்டு வருஷம் முயற்சி பண்ணேன், சுருட்டும்போதே உடையுது, அதனால அத விட்டுட்டு பிள்ளைக்கு சீடை உருட்டிக் கொடுக்கறேன்.

முந்திரிக்கொத்து எங்க பக்கத்து உசுரு. பாசிப்பயற நல்லா செவக்க வறுத்து மாவாக்கி, வறுத்த தேங்காப்பூ, எள்ளு, ஏலக்கா, வெல்லப்பாகு விட்டு உருண்டை பிடிச்சு, மாவுல முக்கி பொரிப்போம். உள்ள இருக்கிறதுல ஒரு பிரச்சினையும் இல்ல. மேல முக்குற மாவுலதான் சிலர் மொறுமொறுப்புக்காகவும் உருண்டைல நல்லா ஒட்டறதுக்காகவும் மைதா கலப்பாங்க, அதனால வெளிய வாங்குறதா இருந்தா நம்பிடாதீங்க. வீட்ல செய்யும்போது பச்சரிசி மாவுல ஒரு கரண்டி உளுந்து மாவு, மஞ்சத்தூள், உப்பு, தோசை மாவை விட கொஞ்சம் கெட்டியா கரைச்சுக்கோங்க, ஒட்டும். அச்சு முறுக்கும் அப்படித்தான், அரிசி மாவு, தேங்காப்பால், முட்டை, சீனி இதுல மைதா தேவையே இல்ல, அச்சு நல்லா சூடாகி இருந்தா மாவு தானா கழண்டு விழும். அதிரசம் அரிசியும் வெல்லமும் மட்டும்தான், சந்தோஷமா கொடுங்க.

மஸ்கோத் அல்வா வாங்கி வர்ற சொந்தக்காரங்க கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, தேங்காப்பால்ல செய்யறது தானேன்னு நெனைப்பாங்க, அதுல மைதாப்பால் இருக்கு. திருநெல்வேலி அல்வா சம்பா கோதுமைப்பால். ரெண்டும் ஆகாது.

மக்ரூன் மட்டும் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இது தூத்துக்குடிக்காரங்களுக்கு கிடைச்ச வரம், முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்ளோதான், பொறவியிலேயே குளுட்டன் கிடையாது. ஆனா பேக்கரில மைதா பறக்கிற அதே ரூம்ல, அதே தட்டுல சுடுறதால கடை மக்ரூன நான் அவளுக்கு வாங்குறதில்ல. வீட்ல 3 வெள்ளைக்கரு, 200 கிராம் பொடிச்ச சீனி, 200 கிராம் முந்திரி. முந்திரிய வாங்கி நாமளே பொடிக்கணும், மிக்ஸிய விட்டு விட்டு ஓட்டுங்க, இல்லன்னா எண்ணெய் விட்டுடும். பாத்திரம் சொட்டு தண்ணி இல்லாம, வெள்ளைக்கருல துளி மஞ்சக்கரு கலக்காம இருக்கணும். நல்லா நுரைக்க அடிச்சுட்டு சீனிய கொஞ்சம் கொஞ்சமா போட்டு அடிங்க, பாத்திரத்த தலைகீழா கவுத்தா அசையாம நிக்கணும், அதுதான் பக்குவம். அப்புறம் பீட்டர எடுத்துட்டு கரண்டியால முந்திரிய மெதுவா, கீழ இருந்து மேல மடிச்சு மடிச்சு சேத்து, பட்டர் பேப்பர்ல கூம்பு செஞ்சு நுனிய வெட்டி தட்டுல பிழியுங்க. 110 டிகிரியில ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், இது வேகறது இல்ல காயறது, அவசரப்பட்டு சூட்டை ஏத்துனா வெளிய செவந்து உள்ள பிசுபிசுன்னு இருக்கும். ஓவன ஆஃப் பண்ணிட்டு அதுக்குள்ளயே ஆற விடுங்க. டிசம்பர்ல நம்ம கடற்கரை ஊர்ல காத்துல ஈரம் ஜாஸ்தி, பத்து நிமிஷம் வெளிய வச்சாலே நமுத்துடும், ஆறுனதும் டப்பால போட்டு மூடிடணும்.

பிளம் கேக்

2 வாரம் முன்னாடியே 400 கிராம் திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் நறுக்கி திராட்சை ஜூஸ்ல ஊறப்போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க, பெரியவங்களுக்கு மட்டும்னா ரம்ல போடலாம், ரம் கரும்புல இருந்து வர்றது, குளுட்டன் பிரச்சினை இல்ல. வீட்ல போடுற திராட்சை ஒயின் மட்டும் கவனம், நிறைய வீட்ல புளிக்கிறதுக்கு ஒரு கைப்பிடி கோதுமைய ஜாடில போடுவாங்க, யாராவது கொடுத்தா கேட்டுட்டு குடிங்க.

மாவுக்கு நான் போடுறது 120 கிராம் நைசான அரிசி மாவு, 100 கிராம் முந்திரியோ பாதாமோ பொடிச்சது, 40 கிராம் கார்ன் ஃபிளார், ஒன்னேகால் ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு ஸ்பூன் இசப்கோல். மெடிக்கல்ல கிடைக்கிற அதே இசப்கோல்தான், வாசனை எதுவும் சேக்காத பிளெயின் உமி. குளுட்டன் இல்லாத கேக் ஏன் பொலபொலன்னு உதிருதுன்னா இழுத்துப் பிடிக்க அந்த ரப்பர் இல்ல, அந்த வேலைய முட்டையும் இசப்கோலும் பாக்கும். வெண்ணெய் 200, நாட்டுச்சக்கரை 200, முட்டை 4. சீனி 75 கிராம் நல்லா கருக்கி கால் டம்ளர் வெந்நீர் விட்ட கேரமல், ஆறுனதுக்கு அப்புறம் சேக்கணும், வெந்நீர் விடும்போது தெறிக்கும், பிள்ளைங்கள தள்ளி நிக்க சொல்லுங்க. பட்டை, கிராம்பு, ஜாதிக்கா, சுக்கு பொடிச்சு ஒரு ஸ்பூன்.

வெண்ணெயும் சக்கரையும் குழைய அடிச்சு, முட்டைய ஒண்ணொண்ணா போட்டு அடிச்சு, கேரமல், மாவு, வடிகட்டுன பழம்னு வரிசையா சேத்துட்டு உடனே ஓவன்ல வைக்காதீங்க. அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அரிசி மாவு ஈரத்த மெதுவாத்தான் குடிக்கும், அந்த நேரம் கொடுக்கலன்னா கேக் நறநறன்னு மண்ணைத் தின்ன மாதிரி இருக்கும், என் முதல் ரெண்டு கேக்கும் அப்படித்தான் இருந்துச்சு, மாவுதான் சரியில்லன்னு நெனச்சு வேற வேற மாவா மாத்திட்டு இருந்தேன். டின்ல வெண்ணெய் தடவி மைதா தூவுற பழக்கத்துல கை தானா மைதா டப்பாவுக்கு போகும், பழத்த மாவுல பெரட்டும்போதும் அப்படித்தான், ரெண்டுக்கும் அரிசி மாவு. 160 டிகிரி, ஒரு மணி நேரத்துல இருந்து ஒன்னேகால் மணி நேரம், குச்சி குத்தி பாத்துக்கோங்க. சூடா வெட்டாதீங்க, மறுநாள் வெட்டுனா துண்டு விழும்.

கிறிஸ்மஸ் அன்னிக்கு சாப்பாடு

இங்க ரொம்ப கவலைப்பட ஒண்ணும் இல்ல. காலையில ஆப்பமோ இடியாப்பமோ ஆட்டுக்கறி குழம்போட, மதியம் பிரியாணி. ஆப்ப மாவு கடையில வாங்காம வீட்லயே ஆட்டுங்க. ஸ்டூ கெட்டியாக மைதா கரைச்சு விடுற பழக்கம் இருந்தா அதுக்கு பதிலா முந்திரி விழுது. பாக்கெட்ல வர்ற வறுத்த வெங்காயத்துல மாவு தூவி இருப்பாங்க, நாமளே வறுத்துக்கலாம். சிக்கன் 65 மசாலா பாக்கெட்டையும் திருப்பி படிங்க. கட்லெட்டுக்கு ரஸ்க் தூளுக்கு பதிலா கெட்டி அவல லேசா வறுத்து கொரகொரன்னு பொடிச்சு பெரட்டிப் பொரிங்க, ரஸ்க்கை விட மொறுமொறுன்னு நிக்கும், இப்போ எங்க வீட்ல எல்லாருக்குமே அவல் கட்லெட்தான். பாயசத்துக்கு சேமியா வேண்டாம், பாசிப்பருப்போ ஜவ்வரிசியோ போடுங்க.

கோயில்ல

இத யாரும் முன்னாடியே சொல்லல, புதுநன்மை (பிள்ளைங்க முதல் தடவை நற்கருணை வாங்குறது) வகுப்பு தொடங்குனப்போதான் எனக்கே உறைச்சது. திருப்பலில, அதாவது பூசையில, நற்கருணையா கொடுக்கிற அப்பம் கோதுமை. கத்தோலிக்க சபையில குளுட்டன் சுத்தமா இல்லாத அப்பம் செல்லாது, குளுட்டன் ரொம்ப ரொம்ப குறைச்ச அப்பம் செல்லும், இத 2017ல வத்திக்கான்ல இருந்து வந்த சுற்றறிக்கையிலயும் திரும்ப சொன்னாங்க. அதுவும் ஒத்துக்காதுன்னா திராட்சை இரசம் மட்டும் வாங்கலாம், அதுவே முழு நன்மைதான், ஒண்ணும் குறைஞ்சு போகல. ஆனா சாமியார் பீடத்துல அப்பத்துல ஒரு சின்ன துண்ட தன்னோட கிண்ணத்துல போடுவாங்க, அதனால பிள்ளைக்கு தனியா ஒரு சின்ன கிண்ணம் வேணும். இத நள்ளிரவு பூசைக்கு பத்து நிமிஷம் முன்னாடி போய் சொல்லாதீங்க, டிசம்பர் ஆரம்பத்துலயே பங்குச்சாமிய பாத்து பேசுங்க. எங்க சாமி பொறுமையா கேட்டு எழுதி வச்சுக்கிட்டார், இப்போ உபதேசியார் அவராவே அந்தக் கிண்ணத்த எடுத்து வச்சிடறார்.

அடுத்த வீட்டுக்கு போகும்போதும், தட்டு வரும்போதும்

கேரல் ரவுண்ட்ஸ்ல வீட்டுக்கு வீடு கேக்கும் காபியும் கொடுப்பாங்க. பிள்ளைய அனுப்பாம இருக்க வேண்டாம், அது ரொம்ப பாவம். நான் ஒரு சின்ன டப்பால அவ மக்ரூன், ஒரு துண்டு கேக், ரெண்டு முறுக்கு போட்டு தோள் பையில கொடுத்துடுவேன், மத்த பிள்ளைங்க சாப்பிடும்போது அவளும் திறப்பா. போன வருஷம் ரெண்டாவது வீட்லயே அவ டப்பா காலி, மத்த பிள்ளைங்க மக்ரூன எடுத்துட்டாங்க, இப்போ ரெண்டு டப்பா கொடுக்கறேன்.

பக்கத்து வீட்ல இருந்து வர்ற பலகாரத் தட்டு சந்தோஷமா வாங்கிக்கோங்க, ஆனா அவளோட டப்பாவுல கொட்டாதீங்க, தட்டுல முறுக்கு மேல கேக் தூள் உதிர்ந்து கிடக்கும், தட்டிவிட்டா போகாது. சொந்தக்காரங்க வீட்டு விருந்துக்கு போறதா இருந்தா அந்த அத்தைக்கோ சித்திக்கோ ரெண்டு நாள் முன்னாடி போன் போட்டு "அவளுக்கு வெறும் சோறும், முதல்ல எடுத்து வச்ச குழம்பும் போதும்"னு கேளுங்க. தனியா ஒண்ணும் சமைக்க சொல்லலன்னு தெரிஞ்சா அவங்களுக்கும் நிம்மதி. நம்ம பிரியாணில இருந்து அவளுக்கு ஒரு தூக்குச்சட்டி கொண்டு போனாலும் யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

மீந்த கேக்க துண்டு போட்டு ஒவ்வொண்ணா பட்டர் பேப்பர்ல சுத்தி ஃபிரீசர்ல வைங்க, அரிசி மாவு கேக் வெளிய வச்சா மூணு நாள்ல காஞ்சுடும். வேணும்ங்கிறப்போ இட்லி தட்டுல வச்சு ரெண்டு நிமிஷம் ஆவி காட்டுனா சுட்ட அன்னிக்கு இருந்த மாதிரி மெத்துன்னு ஆயிடும். எங்களுக்கு புது வருஷப் பூசை முடிஞ்சு வந்து காபியோட சாப்பிட கரெக்டா 8 துண்டு வரும்.